யோன்சே பல்கலைக்கழகத்தின் வரலாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யோன்சே எங்கே இருக்கிறது? அதன் கதையைத் தமிழில் ஏன் சொல்ல வேண்டும்?

தென்கொரியத் தலைநகர் சியோலில், சின்சோன் என்ற பகுதியில் இருக்கிறது. சியோல் தேசியப் பல்கலைக்கழகம், கொரியா பல்கலைக்கழகம், யோன்சே ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்றில் இடம் கிடைத்துவிட்டால் பிள்ளை கரையேறிவிட்டான் என்று நினைக்கிற பெற்றோர் அந்த நாட்டில் ஏராளம். 2024-ல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற ஹான் காங் இங்கே கொரிய இலக்கியம் படித்தவர். ஆஸ்கர் வாங்கிய இயக்குநர் போங் ஜூன்-ஹோ இங்கே சமூகவியல் படித்தவர்.

இதைப் பற்றித் தமிழில் கிடைப்பதெல்லாம் 'அமெரிக்க மிஷனரிகள் தொடங்கிய பல்கலைக்கழகம்' என்ற ஒற்றை வரிதான். தொடங்கியவர்கள் அவர்கள்தான், மறுக்க முடியாது. ஆனால் அதைத் தாங்கிப் பிடித்து, அதற்காகச் சிறைக்குப் போய், உயிரையும் கொடுத்தவர்கள் கொரியர்கள். இரண்டு தரப்பையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை நேராக நிற்கும்.

எந்த ஆண்டு தொடங்கியது? 1885, 1915, 1957 என்று மூன்று ஆண்டுகள் சொல்கிறார்களே?

மூன்றும் சரி. 1885-ல் தொடங்கியது ஒரு மருத்துவமனை. 1915-ல் தொடங்கியது ஒரு கலை, அறிவியல் கல்லூரி. இரண்டும் 1957-ல் ஒன்றாக இணைந்தபோது யோன்சே என்ற பெயர் வந்தது. பல்கலைக்கழகம் தன் வயதை 1885-லிருந்தே கணக்கிடுகிறது.

கிறிஸ்தவ மதப் பிரச்சாரத்துக்குத் தடை இருந்த நாட்டில் மிஷனரிகள் எப்படி நுழைந்தார்கள்?

மருத்துவம் வழியாக. 1882-ல் கொரியாவும் அமெரிக்காவும் உடன்படிக்கை செய்துகொண்டன. அதில் மதம் பரப்ப அனுமதி கிடையாது. அதற்கு முந்தைய தலைமுறையில் ஆயிரக்கணக்கான கத்தோலிக்கர்கள் அந்த நாட்டில் கொல்லப்பட்டிருந்தார்கள். ஆகவே 1884 செப்டம்பரில் வந்திறங்கிய பிரெஸ்பிடேரியன் சபை மருத்துவர் ஹொரேஸ் ஆலன், தன்னை மிஷனரி என்று சொல்லிக்கொள்ளவில்லை. அமெரிக்கத் தூதரக மருத்துவர் என்ற பெயரில்தான் இருந்தார்.

அந்த டிசம்பரில் சியோலில் ஒரு ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்தது. அஞ்சலகத் திறப்பு விழா விருந்தில், அரசியின் நெருங்கிய உறவினர் மின் யோங்-இக் வாளால் பலமாக வெட்டப்பட்டார். ரத்தம் நிற்கவில்லை. அரண்மனை வைத்தியர்கள் தங்கள் முறைப்படி சிகிச்சை தரக் காத்திருக்க, ஆலன் ரத்தக் குழாயைக் கட்டி, காயங்களைத் தைத்து, சுமார் மூன்று மாதம் கூடவே இருந்து பார்த்துக்கொண்டார். மின் பிழைத்துவிட்டார்.

அதற்கப்புறம் ஆலன் ஒரு மருத்துவமனைக்கு அனுமதி கேட்டபோது மன்னர் கோஜோங் மறுக்கவில்லை. 1885 ஏப்ரல் 10 அன்று குவாங்ஹியேவோன் என்ற பெயரில் மருத்துவமனை திறந்தது. சுமார் இரண்டு வாரத்தில் அதன் பெயர் ஜேஜுங்வோன் என்று மாறியது. அதற்குக் கொடுக்கப்பட்ட வீடு, கவிழ்ப்பு முயற்சியில் ஈடுபட்டு உயிரிழந்த ஹோங் யோங்-சிக் என்பவருடையது. தோற்றுப்போனவரின் வீட்டில், அவர் தரப்பு வெட்டிய மனிதரைக் காப்பாற்றிய மருத்துவர் நோயாளிகளைப் பார்க்க உட்கார்ந்தார். அந்த இடத்தில் இப்போது கொரிய அரசியலமைப்பு நீதிமன்றம் இருக்கிறது.

மருத்துவமனையோடு கல்வியும் அப்போதே தொடங்கியதா?

அடுத்த ஆண்டே தொடங்கியது. 1886 மார்ச்சில் 16 மாணவர்களைத் தேர்ந்தெடுத்து ஆங்கிலமும் அறிவியலும் அடிப்படை மருத்துவமும் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் அந்த முயற்சி சில ஆண்டுகளில் நின்றுபோனது. ஒருவர்கூட மருத்துவராகப் பட்டம் பெறவில்லை. ஆலனும் பிறகு அரசியல் பக்கம் போனார். அமெரிக்கத் தூதரகத்தில் சேர்ந்து, உன்சான் தங்கச் சுரங்க உரிமை அமெரிக்கர்களுக்குக் கிடைக்க ஏற்பாடு செய்தார், பிறகு தூதருமானார். அவர் செய்த மருத்துவத்தைப் போற்றுகிறவர்கள் இதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கல்லூரியைத் தொடங்கிய மிஷனரி அண்டர்வுட் முதலில் இந்தியாவுக்கு வருவதாக இருந்தாராமே?

ஆமாம், அதுதான் அவருடைய சிறுவயது ஆசை. இந்தியாவிலிருந்து வந்த ஒரு மிஷனரியின் பேச்சைக் குழந்தையாக இருந்தபோது கேட்டதிலிருந்து அந்த நினைப்பு. ஹொரேஸ் கிராண்ட் அண்டர்வுட் 1859-ல் லண்டனில் பிறந்து, அமெரிக்காவில் வளர்ந்தவர். நியூ பிரன்ஸ்விக் இறையியல் கல்லூரியில் படித்தார். அது அமெரிக்கச் சீர்திருத்த சபையின் கல்லூரி. அதே சபைதான் நம் வேலூர், ராணிப்பேட்டைப் பக்கம் ஆற்காடு மிஷனை நடத்தியது. வேலூர் சி.எம்.சி.யைத் தொடங்கிய ஐடா ஸ்கடரின் குடும்பமும் அந்த மிஷனைச் சேர்ந்ததே. அண்டர்வுட்டின் பாதை கொஞ்சம் மாறியிருந்தால் அவர் தமிழ் படித்திருக்கக்கூடும்.

கொரியாவுக்குப் போக ஆளில்லை என்று தெரிந்ததும் மனம் மாறினார். அவருடைய சொந்த சபையிடம் அதற்குப் பணம் இல்லை. அதனால் பிரெஸ்பிடேரியன் சபை மூலமாகப் புறப்பட்டார். 1885 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்று மெதடிஸ்ட் மிஷனரி ஹென்றி அப்பென்செல்லர் தம்பதியோடு இஞ்சோன் துறைமுகத்தில் இறங்கினார். அவர் போவதற்கு முன்பே ஜப்பானில் ஒரு கொரியர், யி சூ-ஜோங், மாற்கு சுவிசேஷத்தைக் கொரிய மொழியில் பெயர்த்து முடித்திருந்தார். மிஷனரி வந்து வேதத்தைக் கொடுக்கவில்லை, கொரியர் ஒருவர் பெயர்த்த வேதம் மிஷனரி கையில் வந்து சேர்ந்தது. எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த விஷயங்களில் இது ஒன்று.

சியோலில் அண்டர்வுட்டுக்குக் கிடைத்த முதல் வேலை, ஜேஜுங்வோனில் ஆசிரியர் வேலை. பிற்காலத்தில் இணையப்போகும் இரண்டு நிறுவனங்களின் வேர்களும் முதலிலிருந்தே ஒரே கூரையின் கீழ்தான் இருந்தன. 1886-ல் அவர் ஒரு அனாதை இல்லமும் நடத்தினார். அங்கே வளர்ந்த கிம் க்யூ-சிக் என்ற சிறுவன், 1919-ல் பாரிஸ் சமாதான மாநாட்டுக்குக் கொரிய விடுதலைக்காக வாதாடப் போனவர்.

அரசருக்கும் இவர்களுக்கும் அவ்வளவு நெருக்கமா?

அண்டர்வுட்டின் மனைவி லில்லியஸ் ஹார்ட்டன் மருத்துவர். 1888-ல் வந்து அரசி மின்னுக்கு மருத்துவம் பார்த்தவர். 1895-ல் ஜப்பானியர்கள் அரண்மனைக்குள் புகுந்து அரசியைக் கொன்றார்கள். தனக்கும் விஷம் வைத்துவிடுவார்கள் என்று மன்னர் பயந்தார். அண்டர்வுட் வீட்டிலிருந்து பூட்டிய பெட்டியில் அவருக்குச் சாப்பாடு போனது. மிஷனரிகள் முறைவைத்து இரவில் அரண்மனையில் காவல் இருந்தார்கள்.

செவரன்ஸ் என்பது யார் பெயர்?

லூயிஸ் செவரன்ஸ், ஓஹையோ மாநிலம் கிளீவ்லாந்தைச் சேர்ந்த பணக்காரர். ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனியில் பொருளாளராக இருந்தவர். 1893-ல் கனடாவிலிருந்து வந்த ஆலிவர் ஏவிசன், அழிந்துகொண்டிருந்த ஜேஜுங்வோனைக் கையில் எடுத்தார். அடுத்த ஆண்டு அதன் நிர்வாகம் அரசிடமிருந்து மிஷனுக்கு மாறியது. 1900-ல் நியூயார்க்கில் நடந்த மிஷனரி மாநாட்டில் ஏவிசன் பேசியதைக் கேட்ட செவரன்ஸ், மருத்துவமனைக்கு 10,000 டாலர் கொடுத்தார். பிறகு இன்னும் கொடுத்தார். 1904-ல் சியோலின் தெற்கு வாசலான நம்தேமுனுக்கு வெளியே செவரன்ஸ் மருத்துவமனை திறந்தது. யோன்சே மருத்துவமனைக்கு இன்றும் அதே பெயர்.

1907 ஆகஸ்ட் 1 அன்று ஜப்பானியர்கள் கொரியப் படையைக் கலைத்தபோது நம்தேமுன் பக்கத்தில் சண்டை மூண்டது. காயப்பட்ட கொரிய வீரர்கள் செவரன்ஸுக்குத்தான் தூக்கி வரப்பட்டார்கள். அன்றைய கொரியாவில் ஒரு பெண் அந்நிய ஆணைத் தொடுவது நினைத்துப் பார்க்க முடியாத காரியம். 1906-ல் எஸ்தர் ஷீல்ட்ஸ் தொடங்கிய செவிலியர் பள்ளியின் பெண்கள் அன்றைக்கு அந்த வழக்கத்தை ஒதுக்கிவைத்துவிட்டு வீரர்களுக்குக் கட்டுப் போட்டார்கள்.

மாடு வெட்டுபவரின் மகன் மருத்துவரான கதை உண்மையா?

உண்மைதான். கொரியாவில் பேக்ஜோங் என்று ஒரு பிரிவினர் இருந்தார்கள். மாடு வெட்டுவதும் தோல் வேலையும் அவர்கள் தொழில். ஊரின் கடைசிப் படி அவர்களுடையது. மற்ற ஆண்கள் அணியும் தொப்பியை அவர்கள் அணியக் கூடாது, சிறு பிள்ளைகள்கூட அவர்களை ஒருமையில்தான் அழைப்பார்கள்.

அந்தப் பிரிவைச் சேர்ந்த பார்க் சோங்-சுன் 1893-ல் கடும் காய்ச்சலில் கிடந்தார். பாதிரியார் சாமுவேல் மூர், ஏவிசனை அவர் வீட்டுக்கு அழைத்துவந்தார். மன்னரின் நாடியைப் பிடிக்கிற கை தன் நாடியைப் பிடித்தது அந்த மனிதரை உலுக்கிவிட்டது. குணமானதும் சபையில் சேர்ந்தார். மேல்குடியினர் சிலர் அவரோடு ஒரே இடத்தில் வழிபட மாட்டோம் என்று வெளியேறினார்கள். மூர் அவரை விட்டுக்கொடுக்கவில்லை. தங்கள் மக்களும் தொப்பி அணிய வேண்டும் என்று பார்க் அரசுக்கு மனு மேல் மனுவாகப் போட்டு உரிமையை வாங்கினார். 1898-ல் சியோலில் நடந்த பெரிய மக்கள் கூட்டத்தில் மேடையேறிப் பேசினார்.

அவர் மகன் பார்க் சோ-யாங். அவனை மனிதனாக்குங்கள் என்று அப்பா ஏவிசனிடம் ஒப்படைத்தார். ஏவிசன் முதலில் தரை பெருக்கவும் படுக்கை விரிக்கவும் விட்டார். பையன் தாக்குப்பிடிக்கிறானா என்று பார்க்கத்தான். பிடித்தான். 1908 ஜூனில் செவரன்ஸ் மருத்துவப் பள்ளியின் முதல் பட்டமளிப்பு நடந்தபோது பட்டம் பெற்ற 7 பேரில் சோ-யாங்கும் ஒருவர். கொரியாவில் வழங்கப்பட்ட முதல் ஏழு மருத்துவ உரிமங்கள் இவர்களுடையவை. பட்டத்தைக் கையில் கொடுத்தவர் யார் தெரியுமா? ஜப்பானின் சார்பில் கொரியாவைப் பிடியில் வைத்திருந்த இட்டோ ஹிரோபுமி.

பட்டத்தோடு கதை நிற்கவில்லை. சோ-யாங் செவரன்ஸில் ஆசிரியராக இருந்துவிட்டு மஞ்சூரியாவுக்குப் போனார். அங்கே குடியேறிய கொரியர்களுக்கு மருத்துவமனையும் பள்ளிக்கூடமும் நடத்தி, விடுதலைப் போராளிகளுக்கு உதவினார். 2008-ல் கொரிய அரசு அவரை விடுதலை வீரராகக் கௌரவித்தது. ஏழு பேரில் இன்னொருவரான கிம் பில்-சூனும் போராட்டத் தொடர்பால் சீனாவுக்குத் தப்பிப் போய், 1919-ல் அங்கேயே இறந்தார். ஏவிசன் பயிற்றுவித்த மருத்துவர்கள் வெள்ளைக் கோட்டோடு சியோலில் சுகமாக உட்கார்ந்துவிடவில்லை என்பதற்காகவே இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

பாடம் எந்த மொழியில் நடந்தது?

கொரிய மொழியில். ஏவிசன் இதில் விடாப்பிடியாக இருந்தார். ஆங்கில உடற்கூறு நூல் ஒன்றை உதவியாளரோடு சேர்ந்து மொழிபெயர்த்தார், கைப்பிரதி தொலைந்துபோனது. அப்புறம் கிம் பில்-சூனோடு சேர்ந்து மறுபடி பெயர்த்தார், அது தீயில் எரிந்துபோனது. மூன்றாவதாக ஒரு ஜப்பானிய நூலை அடிப்படையாக வைத்து இருவரும் 1906-ல் கொரிய மொழியில் உடற்கூறு நூலை வெளியிட்டார்கள். எலும்புக்கும் நரம்புக்கும் சொந்த மொழியில் பெயர் இல்லாமல் மருத்துவம் வேர் பிடிக்காது என்று அவர்கள் நம்பினார்கள்.

கல்லூரி மட்டும் ஏன் 1915 வரை தாமதமானது?

மிஷனரிகளுக்குள் நடந்த சண்டைதான் முக்கியக் காரணம். வடக்கே பியாங்யாங்கில் வில்லியம் பேர்ட் 1897-ல் தொடங்கிய சுங்சில் ஏற்கெனவே கல்லூரியாக வளர்ந்திருந்தது. கிறிஸ்தவர்கள் அதிகம் இருந்ததும் வடக்கில்தான். நாட்டுக்கு ஒரு கிறிஸ்தவக் கல்லூரி போதும், அதுவும் சபைக்கு ஊழியர்களை உருவாக்கினால் போதும் என்பது பெரும்பான்மை பிரெஸ்பிடேரியன் மிஷனரிகளின் எண்ணம். தலைநகரில், கிறிஸ்தவர் அல்லாத மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு, எல்லாத் துறைகளும் உள்ள கல்லூரி வேண்டும் என்பது அண்டர்வுட்டின் பிடிவாதம். களத்தில் அவர் சிறுபான்மை. நியூயார்க்கில் இருந்த தலைமைச் சபை அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பலருடைய மனம் புண்பட்டது.

1915-ல் ஜோங்னோ பகுதியின் ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் வகுப்புகள் தொடங்கின. நிலம் வாங்கப் பணம் கொடுத்தவர் அண்டர்வுட்டின் அண்ணன் ஜான், அண்டர்வுட் தட்டச்சு இயந்திரக் கம்பெனியின் முதலாளி. ஆனால் கல்லூரி சின்சோன் நிலத்தில் எழுவதை ஹொரேஸ் பார்க்கவில்லை. அப்போது கொரியாவை ஆண்ட ஜப்பானிய அரசின் விதிகளுக்காக, 56 வயதில் ஜப்பானுக்குப் போய் மொழி படித்தார். உடல்நலம் கெட்டது. 1916 அக்டோபர் 12 அன்று அமெரிக்காவில் காலமானார். ஏவிசன் கல்லூரிக்கும் தலைவராகி, 1934 வரை இரண்டையும் சேர்த்தே நடத்தினார். 1917-ல் யோன்ஹி கல்லூரி என்று அரசு அங்கீகாரம் கிடைத்தது.

ஜப்பானிய ஆட்சிக்கு எதிரான 1919 மார்ச் போராட்டத்தில் இவர்களுக்குப் பங்கு உண்டா?

நிறைய. மார்ச் 1 விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட 33 பேரில் ஒருவரான லீ கப்-சோங், செவரன்ஸ் மருந்துப் பிரிவில் வேலை பார்த்தவர். யோன்ஹி மாணவர்களும் செவரன்ஸ் மாணவர்களும் தெருவில் இறங்கினார்கள். செவரன்ஸில் நுண்ணுயிரியல் கற்பித்த ஃபிராங்க் ஸ்கோஃபீல்டு என்ற கனடாக்காரர், போலியோவால் கையும் காலும் பாதிக்கப்பட்டவர். ஏப்ரலில் ஜேயாம்-ரி கிராமத்தில் ஜப்பானிய ராணுவம் மக்களைத் தேவாலயத்துக்குள் அடைத்துக் கொளுத்தியதைக் கேள்விப்பட்டு, ரயிலிலும் சைக்கிளிலுமாகப் போய்ப் படமெடுத்து உலகத்துக்குச் சொன்னார். பிறகு 1958-ல் கொரியாவுக்கே திரும்பி வந்து, 1970-ல் அங்கேயே இறந்தார். அவர் உடல் கொரிய தேசியக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது.

மிஷனரி கல்லூரியில் கொரிய மொழிக்கும் இலக்கியத்துக்கும் இடம் இருந்ததா?

இருந்தது என்பது குறைவாகச் சொல்வது. ஜப்பானிய அரசு பள்ளிகளில் கொரிய மொழியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒழித்துக்கொண்டிருந்த காலத்தில், அதற்குப் புகலிடமாக இருந்தவற்றில் முக்கியமானது யோன்ஹி. 1926-ல் ஆசிரியராகச் சேர்ந்த சோய் ஹியோன்-பே, நவீன கொரிய இலக்கணத்தை அமைத்தவர்களில் முதல் வரிசைக்காரர். அவருடைய பெரிய இலக்கண நூல் 1937-ல் யோன்ஹி பதிப்பாக வந்தது. 1938-ல் வேலையிலிருந்து நீக்கினார்கள். 1942-ல் கொரிய மொழிச் சங்கத்தின்மீது வழக்குப் போட்டபோது சிறையில் அடைத்தார்கள். அகராதி தொகுத்ததுதான் அந்தச் சங்கத்தார் செய்த குற்றம். விடுதலை வந்த 1945 ஆகஸ்டில்தான் வெளியே வந்தார்.

வரலாற்றாசிரியர் ஜோங் இன்-போவும் பொருளாதார வரலாறு எழுதிய மார்க்சியர் பேக் நாம்-உன்னும் இதே கல்லூரியில் கற்பித்தார்கள். கிறிஸ்தவக் கல்லூரி ஒரு மார்க்சியருக்கு நாற்காலி கொடுத்தது, அண்டர்வுட் கேட்ட விசாலம் வீணாகவில்லை என்பதற்குச் சாட்சி. இங்கே படித்த லீ வோன்-சுல் 1926-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வானியலில் முனைவர் பட்டம் பெற்றார். அறிவியலில் அந்தப் பட்டம் பெற்ற முதல் கொரியர் அவர்தான்.

கவிஞர் யூன் தோங்-ஜு இங்கே படித்தவரா?

ஆம். 1938 முதல் 1941 வரை. மஞ்சூரியாவின் கொரியக் கிராமம் ஒன்றில் 1917-ல் பிறந்தவர். சோய் ஹியோன்-பேயிடம் பாடம் கேட்டவர். பட்டம் பெறும்போது 19 கவிதைகளைத் தன் கையால் மூன்று பிரதிகள் எழுதினார். ஒன்றைத் தான் வைத்துக்கொண்டு, ஒன்றைப் பேராசிரியரிடமும் ஒன்றை இளைய நண்பர் ஜோங் பியோங்-உக்கிடமும் கொடுத்தார். இந்த நேரத்தில் வெளியிடுவது ஆபத்து என்று பேராசிரியர் தடுத்துவிட்டார்.

அப்புறம் ஜப்பானுக்குப் படிக்கப் போனார். 1943-ல் கைதானார். 1945 பிப்ரவரி 16, விடுதலைக்கு ஆறு மாதம் இருக்கும்போது ஃபுக்குவோகா சிறையில் இறந்தார். வயது 27. கூடவே படித்த உறவினர் சோங் மோங்-க்யூவும் அடுத்த மாதம் அதே சிறையில் இறந்தார். மூன்று பிரதிகளில் தப்பியது நண்பரிடம் இருந்தது மட்டும்தான். அவரைப் போருக்கு இழுத்துச் சென்றபோது, அவருடைய அம்மா அதை வீட்டுத் தரைப் பலகைக்கு அடியில் ஒளித்துவைத்துக் காப்பாற்றினார். 1948-ல் அது புத்தகமானது. இன்று கொரியாவில் யூனின் வரிகள் தெரியாத பள்ளிப் பிள்ளை இருக்காது. எழுத்தறிவை மிஷனரிகள் கொடுத்தார்கள் என்று பேசும்போது, கவிதையைத் தரைக்கு அடியில் வைத்துக் காத்த அந்தத் தாயையும் நினைக்க வேண்டும்.

ஜப்பானிய ஷின்டோ கோயில் வணக்கத்தைக் கல்லூரி ஏற்றுக்கொண்டதா?

ஏற்றுக்கொண்டது. இதைத் தவிர்த்துவிட்டு வரலாறு எழுதக் கூடாது. 1930-களின் நடுவில் எல்லா மாணவர்களும் ஷின்டோ கோயிலில் தலைவணங்க வேண்டும் என்று அரசு உத்தரவு போட்டது. சுங்சில் கல்லூரித் தலைவர் ஜார்ஜ் மெக்யூன் மறுத்தார், பதவியிலிருந்து நீக்கப்பட்டார். 1938-ல் சுங்சில் தன் கதவுகளை மூடிக்கொண்டது. பின்னால் 1954-ல் சியோலில்தான் மறுபடி திறந்தது.

யோன்ஹியின் தலைவராக இருந்தவர் அண்டர்வுட்டின் மகன் ஹொரேஸ் ஹார்ட்டன் அண்டர்வுட். இது வழிபாடு இல்லை, அரசு மரியாதைச் சடங்கு என்ற விளக்கத்தை ஏற்று, கல்லூரியைத் திறந்தே வைத்தார். சக பிரெஸ்பிடேரியன்கள் பலர் இதை மன்னிக்கவில்லை. என் பார்வையில் சுங்சிலின் மறுப்பு உயர்ந்த செயல். அதே சமயம், யோன்ஹியும் 1938-ல் மூடியிருந்தால் யூன் தோங்-ஜு எங்கே படித்திருப்பார் என்ற கேள்வியும் என்னை விடவில்லை. இரண்டுக்கும் விலை இருந்தது.

விட்டுக்கொடுத்ததால் கல்லூரி தப்பித்துவிடவும் இல்லை. அமெரிக்காவோடு போர் வந்ததும் 1942-ல் எதிரிச் சொத்து என்று ஜப்பான் கைப்பற்றியது. அண்டர்வுட் காவலில் வைக்கப்பட்டு நாடு கடத்தப்பட்டார். செவரன்ஸின் பெயரை ஆசாஹி என்று மாற்றினார்கள். 1944-ல் யோன்ஹி தொழில் நிர்வாகக் கல்லூரியாக்கப்பட்டது. 1928-ல் வைத்த மூத்த அண்டர்வுட்டின் வெண்கலச் சிலையையும் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

விடுதலைக்குப் பிறகு?

1946-ல் யோன்ஹி பல்கலைக்கழகமானது, பெண்களையும் சேர்த்தது. தலைவர் பேக் நாக்-ஜுன், யேல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். அவர்தான் பின்னால் இணைப்பையும் நடத்தினார். போர்க்காலத்தில் ஜப்பானிய ஆட்சிக்கு ஆதரவாக எழுதிப் பேசியதற்காக அவர்மீது இன்றும் கடும் விமர்சனம் இருக்கிறது.

1949 மார்ச்சில் அண்டர்வுட்டின் மகன் வீட்டுக்குள் ஆயுததாரிகள் புகுந்து, அவர் மனைவி எதெலைச் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த ஆண்டு கொரியப் போர். 1950 செப்டம்பரில் சியோலை மீட்கும் சண்டை யோன்ஹி குன்றுகளில்தான் மிகக் கடுமையாக நடந்தது. வளாகம் சிதைந்தது. 1948-ல் மறுபடி வைத்த சிலையும் அழிந்தது. புசானில் தற்காலிகமாக வகுப்புகள் நடந்தன. இப்போது நிற்பது 1955-ல் வைத்த மூன்றாவது சிலை.

யோன்சே என்ற பெயர் எப்படி வந்தது?

யோன்ஹியின் முதல் அசை, செவரன்ஸின் முதல் அசை. 1957 ஜனவரியில் இணைப்பு நடந்தது. 1962-ல் மருத்துவமனையும் சின்சோனுக்கு வந்தது.

1987-ல் நடந்தது என்ன?

சர்வாதிகாரத்துக்கு எதிராக நாடு கொதித்துக்கொண்டிருந்தது. ஜூன் 9 அன்று யோன்சே வாசலில் நடந்த ஆர்ப்பாட்டத்தில், வணிக நிர்வாகம் படித்த லீ ஹான்-யோல் என்ற இரண்டாம் ஆண்டு மாணவனின் தலையில் போலீஸ் சுட்ட கண்ணீர்ப்புகைக் குண்டு பட்டது. ரத்தம் வழிய நண்பனின் கையில் சாய்ந்த படம் நாடு முழுக்கப் பரவியது. மறுநாள் முதல் லட்சக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள். ஜூன் 29-ல் அரசு பணிந்து, நேரடித் தேர்தலுக்கு ஒப்புக்கொண்டது. ஜூலை 5 அன்று லீ செவரன்ஸ் மருத்துவமனையில் இறந்தார். அவர் அம்மா பே உன்-சிம் அதற்குப் பிறகு தன் வாழ்நாளெல்லாம் மனித உரிமைப் போராட்டங்களின் முன்வரிசையில் நின்றார்.

கிறிஸ்தவர்கள் மட்டும்தான் படிக்க முடியுமா?

இல்லை, யாரும் படிக்கலாம். ஆனால் சேப்பல் என்ற வழிபாட்டு வகுப்புக்குப் போனால்தான் பட்டம். 'சத்தியம் உங்களை விடுதலையாக்கும்' என்ற யோவான் சுவிசேஷ வசனம்தான் குறிக்கோள் வாசகம். சபைகளின் பிரதிநிதிகளுக்கு நிர்வாக வாரியத்தில் இருந்த இடத்தை 2011-ல் வாரியம் நீக்கியபோது சபைகள் கடுமையாக எதிர்த்தன.

ஈஹ்வா பெண்கள் பல்கலைக்கழகமும் இதன் பகுதியா?

இல்லை. பக்கத்து வளாகம், வேறு வரலாறு. மெதடிஸ்ட் மிஷனரி மேரி ஸ்கிராண்டன் 1886-ல் ஒரே ஒரு மாணவியோடு தொடங்கியது அது.

சியோல் தேசியப் பல்கலைக்கழகமும் ஜேஜுங்வோனைச் சொந்தம் கொண்டாடுகிறதே?

ஆமாம். ஜேஜுங்வோன் அரசு மருத்துவமனை, ஆகவே தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனைதான் வாரிசு என்பது அவர்கள் வாதம். மருத்துவர்களும் கல்வியும் தொடர்ந்து வந்தது செவரன்ஸுக்குள்தான் என்பது யோன்சேயின் பதில். 1894-ல் நிர்வாகம் கை மாறியதைப் பார்த்தால் எனக்கு யோன்சேயின் வாதமே வலுவாகத் தெரிகிறது.

அண்டர்வுட் குடும்பம் இன்னும் அங்கே இருக்கிறதா?

நான்கு தலைமுறை இருந்தது. பேரன் ஹொரேஸ் அண்டர்வுட் கொரியப் போர் நிறுத்தப் பேச்சுவார்த்தையில் மொழிபெயர்ப்பாளர். அவர் 2004-ல் காலமானார். அதே ஆண்டு, யோன்சேயில் பேராசிரியராக இருந்த கொள்ளுப்பேரனும் அமெரிக்காவுக்குத் திரும்பினார்.

சியோல் போனால் எதையெல்லாம் பார்க்கலாம்?

மெட்ரோ இரண்டாம் தடத்தில் சின்சோன் நிலையத்தில் இறங்கி நடக்கலாம். வளாகத்துக்குள் போகக் கட்டணம் இல்லை. வாசலிலிருந்து நேர்சாலையில் போனால் 1920-களில் கட்டிய மூன்று கல் கட்டடங்களும் நடுவில் அண்டர்வுட் சிலையும் வரும். யூன் தோங்-ஜு தங்கிய விடுதியான பின்சன் ஹால் இப்போது அவர் நினைவகம், அருகிலேயே 1968-ல் வைத்த கவிதைக் கல் இருக்கிறது. லீ ஹான்-யோலுக்கு ஒரு சிறு பூங்கா உண்டு. பழைய குவாங்ஹியேவோனை 1987-ல் வளாகத்துக்குள் மறுபடி கட்டிக் காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். அதே மெட்ரோ தடத்தில் இரண்டு நிறுத்தம் தள்ளி ஹாப்ஜோங்கில் இறங்கினால் யாங்ஹ்வாஜின் மிஷனரிக் கல்லறைத் தோட்டம். அமெரிக்காவில் அடக்கம் செய்யப்பட்ட மூத்த அண்டர்வுட்டை 1999-ல் இங்கே கொண்டுவந்தார்கள். எதெலின் கல்லறையும் இங்கேதான்.